அப்பா கார்டில் ஐம்பத்தெட்டு வரி

முதல்லயே சொல்லிடுறேன், எனக்குக் கோவம் சட்டுனு வரும். மருந்துக்கடை கவுண்டர்ல இருபத்திரண்டு வருஷமா நிக்கிறேன். "போன வாரம் வாங்கின வெள்ளை மாத்திரை குடுங்க"ன்னு கேப்பாங்க. எந்த வெள்ளைன்னு திருப்பிக் கேட்டா, நான் அவங்க சொத்தைக் கேட்ட மாதிரி முறைப்பாங்க. இவங்களோட நீங்க ஒரே ஒரு நாள் நின்னு பாருங்க, அப்புறம் என் கோவத்தைப் பத்திப் பேசலாம்.

அதுலயும் தூக்க மாத்திரையும் பலமான வலி மாத்திரையும் கூடுதலா வாங்க வர்றவங்க இருக்காங்களே, அவங்க விடுற கதைக்கு அளவே கிடையாது. மாத்திரை ஸிங்க்ல விழுந்துடுச்சும்பாங்க, பஸ்ல விட்டுட்டேம்பாங்க. ஒருத்தர் நாய் தின்னுடுச்சுன்னு சொன்னாரு. முப்பது தூக்க மாத்திரையையும் தின்ன அந்த நாய், கடை வாசல்ல நின்னு சுறுசுறுப்பா வாலாட்டிட்டிருந்துச்சு. இன்னொருத்தர் சீட்டுல பத்தை நூறு ஆக்கிட்டு வந்தாரு. டாக்டர் எழுதினது நீல மை, கடைசி சைபர் மட்டும் பச்சை. கேட்டா, "டாக்டர் பேனா மாத்திட்டாருங்க"ன்னாரு. ஒரு சைபருக்காகவா பேனா மாத்துவாருன்னு கேட்டு விரட்டிவிட்டேன். முகத்தைப் பாத்தாலே யாரு பொய் சொல்றாங்கன்னு கண்டுபிடிச்சிடுவேன்னு எனக்கு ஒரு திமிர் உண்டு.

அதனால, எல்லா மருந்துக்கடையையும் ஆஸ்பத்திரியையும் ஒரே கம்ப்யூட்டர்ல கோக்கப்போறோம்னு சுகாதார ஆபீஸ்லேருந்து வந்து சொன்னப்ப எனக்குப் பிடிக்கவே இல்ல. நான் பண்ற வேலையை ஒரு பெட்டி பண்ணுமாம். நோயாளி கார்டு நம்பரைத் தட்டினா போதும், ஒரு வருஷமா அவரு எந்த டாக்டர்கிட்ட எழுதி வாங்கினாரு, எந்தக் கடையில என்ன மருந்து வாங்கினாருன்னு வரி வரியா வந்துடும். பழைய பில்லையெல்லாம்கூட உள்ள ஏத்திட்டாங்க. சரியா இருந்தா பச்சை, சந்தேகம்னா மஞ்சள். சிவப்பு வந்துட்டா தலைகீழா நின்னாலும் பில் போட முடியாது. எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேக்குதேன்னு கடையில நாங்க அதுக்கு நாத்தனார்னு பேர் வெச்சோம். வீட்டுல போய்ச் சொன்னதும் என் தம்பி பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிச்சா. அவளுக்கு நாத்தனார் நான்தாங்கிறது எனக்கு அப்புறமாத்தான் உறைச்சுது.

நாத்தனார் வந்த மூணாவது நாள் எங்க அம்மா கடைக்கு வந்தாங்க. கையில மருந்துச்சீட்டு, அப்பாவோட கார்டு.

"அப்பாவுக்குத் தூக்க மாத்திரை தீந்துபோச்சு"ன்னாங்க. மாசா மாசம் வர்றதுதான். அப்பாவுக்கு முழங்கால் தேஞ்சுபோய் ராத்திரியெல்லாம் வலி, அதனால டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை. நானும் மாசா மாசம் என் கையாலதான் எடுத்துக் குடுப்பேன். கார்டு நம்பரைத் தட்டினேன். ஸ்க்ரீன் முழுக்கச் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! உடனே அந்த ஆபீஸுக்குப் போன் போட்டேன்.

"உங்க சிஸ்டத்துல கோளாறு. எங்க அப்பா கார்டுக்குச் சிவப்பு காட்டுது."

"கோளாறு இல்ல மேடம். அவரு மூணு டாக்டர்கிட்ட எழுதி வாங்கி, நாலு கடையில மருந்து எடுத்திருக்காரு" அப்படின்னு ஒரு பையன் தேன் தடவின குரல்ல சொன்னான்.

"எங்க அப்பாவை எனக்குப் பொறந்ததுலேருந்து தெரியும்பா!"

"எங்களுக்கு ஒரு வருஷமாத்தான் தெரியும் மேடம். அதுக்குள்ள இவ்வளவு வாங்கியிருக்காரு."

போனை வெச்சுட்டுத் திரும்பினா அம்மாவைக் காணோம். சீட்டையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. பாவம், வெயில்ல நிக்க முடியாம போயிட்டாங்கன்னு நினைச்சேன். இதுதான் முகத்தைப் பாத்தே கண்டுபிடிக்கிறவளோட லட்சணம்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டாங்க. அப்பாவுக்கு அடுத்த வியாழக்கிழமை முழங்கால் ஆபரேஷன். எட்டு மாசம் காத்திருந்து கிடைச்ச தேதி. முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், கிளட்ச் மிதிச்சு மிதிச்சே இடது கால் போச்சு. கட்டில்லேருந்து பாத்ரூம் போறதுக்குள்ள சுவத்தை மூணு இடத்துல பிடிச்சு நிப்பாரு. இந்தத் தேதிக்காகக் காலண்டர்ல தினமும் ஒரு கட்டம் அடிச்சிட்டு வந்தாரு. அவரைக் கூட்டிட்டுப் போனேன். மயக்க மருந்து டாக்டர் சின்னப் பொண்ணுதான், முப்பது தாண்டியிருக்காது. அவ முன்னாடியும் அதே நாத்தனார்.

ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே கேட்டா, "ஐயா, உங்களுக்கு வயசு எழுபத்தொண்ணுதானே?"

"ஆமாம்மா."

"பிரசவம் எப்போ?"

அப்பா என்னைப் பாத்தாரு, நான் ஸ்க்ரீனைப் பாத்தேன். அப்பா கார்டுல கர்ப்பிணிகளுக்குக் குடுக்குற இரும்புச்சத்து மாத்திரை ஒன்பது மாசத்துக்கு வாங்கியிருக்கு. அதுக்குக் கீழ குழந்தைங்களுக்குப் பூச்சி மருந்து, அதுக்குக் கீழ முகப்பரு களிம்பு. மொத்தம் அம்பத்தெட்டு வரி.

எனக்கு அங்கயே புரிஞ்சுபோச்சு. எங்க வீட்டுல அப்பாவோட கார்டு வாசல் பக்கத்துல குடை மாட்டுற கொக்கியில தொங்கும். யாருக்கு உடம்பு சரியில்லைனாலும் குடையோட அதையும் எடுத்துட்டுக் கிளம்புவாங்க. ஏன்னா கிளினிக்ல வயசானவங்க கார்டுக்குத் தனி வரிசை, அஞ்சு நிமிஷத்துல டோக்கன். "அப்பாவால நடக்க முடியல, நான் வந்திருக்கேன்"னு ஜன்னல்ல சொல்லிட்டு, உள்ள போய் டாக்டர்கிட்ட அவங்கவங்க சீக்கைச் சொல்லுவாங்க. சீட்டு அப்பா பேர்ல வரும். ஏழு பேருக்கு ஒரே கார்டு. எங்க குடும்பத்துல யாருக்கும் இது தப்புன்னே தோணினதில்ல, எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

நான் மென்னு முழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பொண்ணு திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

"பிரசவத்தை விட்டுடுவோம். எனக்கு வேண்டியது இந்தத் தூக்க மாத்திரை. ஒரு வருஷத்துல இருபத்தொரு தடவை, ஒவ்வொரு தடவையும் முப்பது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ரெண்டு. இதை இவரு போடுறாரா இல்லையா? தினமும் போடுறவருக்கு நான் குடுக்குற மயக்க மருந்தோட அளவே வேற. போடாதவருக்கு அந்த அளவைக் குடுத்தா மூச்சு நின்னுடும். போடுறவரு ஆபரேஷனுக்காகச் சட்டுனு நிறுத்தினா வலிப்பு வந்துடும். அதனால அம்பத்தெட்டு வரிக்கும் ஆள் காட்டுங்க. செவ்வாய்க்கிழமை எழுதிக் கொண்டு வாங்க. ஒரு வரிக்கு ஆள் இல்லைன்னாலும் நான் ஊசி போடமாட்டேன். ஆபரேஷன் தள்ளிப்போயிடும்."

"எவ்வளவு நாள்?"னு அப்பா கேட்டாரு.

"இன்னொரு எட்டு மாசம் ஆகலாம் ஐயா."

தூக்க மாத்திரை யாருதுப்பான்னு வழியில நாலு தடவை கேட்டேன். "ரோட்டைப் பாத்து நட"ன்னாரு. நடக்க முடியாம என் தோளைப் பிடிச்சிருந்தது அவரு.

ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக் கூடத்துல எல்லாரையும் உக்கார வெச்சேன். தம்பி, அவன் பொண்டாட்டி, அவங்க பிள்ளைங்க ரெண்டு பேரு, என் வீட்டுக்காரர். நாலு பக்கம் பிரிண்ட் எடுத்து, கையில சிவப்புப் பேனாவோட நான். பள்ளிக்கூடத்துல ஹாஜர் எடுக்குற மாதிரி ஆரம்பிச்சேன். அம்மா சமையக்கட்டுலேருந்து டீ கொண்டுவந்து வெச்சுட்டு உடனே உள்ள போயிட்டாங்க.

"இரும்புச்சத்து மாத்திரை, ஒன்பது வரி."

"என்னோடது அண்ணி"ன்னு தம்பி பொண்டாட்டி கையைத் தூக்கினா. அந்த ஒன்பது வரியும் அவ மடியில படுத்துத் தூங்கிட்டிருந்துச்சு.

முகப்பருக் களிம்பு தம்பியோட பெரிய பொண்ணோடது. அவ அழ ஆரம்பிச்சா, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனாம். முதுகு வலி மாத்திரை தம்பியோடது. அடுத்தது முடி வளர்ற மருந்து, ஆறு வரி. கூடத்துல இருந்த தலைங்களை ஒவ்வொண்ணா பாத்தேன். என் வீட்டுக்காரர் மெதுவாத் தொப்பியைக் கழட்டி மடியில வெச்சாரு.

"ஆறு மாசமாவா?"ன்னு கேட்டேன்.

"பலன் தெரிய நாளாகும்னு போட்டிருந்துச்சு"ன்னாரு.

அப்புறம் கால்சியம் மாத்திரை நாலு வரி. "யாருது இது? வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னு நான் கத்தினேன். தம்பி பேப்பரை எட்டிப்பாத்துட்டு, "அக்கா, உன் கடையில நீயே பில் போட்டு நீயே வாங்கியிருக்க"ன்னான். என் பேரை எழுதிக்கிட்டேன்.

முப்பத்தேழு வரி முடிஞ்சுது. மிச்சம் இருபத்தொண்ணும் தூக்க மாத்திரை. அதுல பன்னெண்டு வரி என் கடை, மத்ததெல்லாம் வேற மூணு கடை. ஒருத்தரும் கை தூக்கல. நான் தம்பியைப் பாத்தேன்.

"ஏன் என்னைப் பாக்குற? என்னைப் பாத்தா தூக்க மாத்திரை போடுறவன் மாதிரியா இருக்கு?"

"எந்நேரமும் தூங்கிட்டுத்தானேடா இருக்க!"

"நைட் ஷிஃப்ட் பாக்குறேன்கா! பகல்ல தூங்காம பம்பரம் விடவா சொல்ற?"

அவனுக்கும் எனக்கும் ஒரே ரத்தம், ஒரே கோவம். ரெண்டு பேரும் கத்தின கத்துல மடியில இருந்த குழந்தை முழிச்சுக்கிட்டு எங்களுக்கு மேல கத்துச்சு. தம்பி செருப்பை மாட்டிக்கிட்டு, "இனிமே உன் கடைப் பக்கமே வரமாட்டேன்"னு வெளிய போயிட்டான். உள்ள சமையக்கட்டுல ஒரே பாத்திரத்தை அம்மா ரொம்ப நேரமாத் தேச்சுக்கிட்டே இருந்தாங்க.

அப்போதான் அப்பா வாயைத் திறந்தாரு. "எதுக்கு அவனைத் திட்டுற? எல்லாத்தையும் என் பேர்ல எழுது. நான்தான் போட்டேன்."

"அப்போ ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு. எழுதுன்னா எழுதேன்!"

எழுதினேன். மனசு ஒத்துக்கல. தினமும் ரெண்டு மாத்திரை போடுற மனுஷன் ராத்திரியெல்லாம் வலியில முனகுவாரா? ஆனா அவரே சொல்றாரு, வேற ஆளும் இல்ல, நாளும் இல்ல. மருந்துக்கடையில வேலை பாக்குறவ, ஒரு பேப்பரை நிரப்பணும்கிறதுக்காகத் தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி எழுதினேன். இப்ப நினைச்சாலும் என்னை நானே ரெண்டு அறை விடலாம்னு இருக்கு.

செவ்வாய்க்கிழமை நாங்க கிளம்பும்போது அம்மாவும் புடவையை மாத்திக்கிட்டு வந்து நின்னாங்க. "நானும் வரேன்"னாங்க. அப்பா வேணாம்னாரு. அம்மா காதுல வாங்காம ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டாங்க.

டாக்டர் என் லிஸ்ட்டை முழுசாப் படிச்சா. முடி வளர்ற மருந்துகிட்ட வந்தப்ப லேசா உதட்டைக் கடிச்சுக்கிட்டா. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அப்பாவைப் பாத்தா.

"இருபத்தொரு வரியும் நீங்களாய்யா?"

"ஆமாம்மா."

"எப்படிப் போடுவீங்க?"

"தண்ணியிலதான்."

"அது சரி. மாத்திரை என்ன கலர்?"

அப்பா கொஞ்சம் யோசிச்சாரு. "வெள்ளை."

"நீலம்"னு பின்னாடியிருந்து அம்மா குரல் வந்துச்சு.

"ஆங், நீலம். பெருசா உருண்டையா இருக்கும்."

"சின்னது. நீட்டமா இருக்கும். நடுவுல ஒரு கோடு."

"கோடு இருக்கும்"னு அப்பா டாக்டர்கிட்ட தலையாட்டினாரு. "சாப்பாட்டோட சேத்துப் போட்டுடுவேன்."

"சாப்பாட்டோட எங்க போடுறது? படுக்குறதுக்கு அரை மணி முன்னாடி. நாக்குல பட்டா விடியிற வரைக்கும் கசக்கும்"னாங்க அம்மா.

நாப்பத்தஞ்சு வருஷமா அப்பா எதைச் சொன்னாலும் திருத்தின வாய் அது. எங்க நிறுத்தணும்னு அதுக்கே தெரியல. டாக்டர் விரல் கீபோர்டு மேல அப்படியே நின்னுடுச்சு. அப்பா தரையைப் பாத்தாரு.

"நான்தானே அவருக்கு எடுத்துக் குடுக்குறது, அதான் தெரியும்"னு அம்மா சமாளிச்சாங்க.

"சரிங்கம்மா. அப்போ ஐயா தினமும் போடுறாருன்னே எழுதிடறேன். அதுக்குத் தகுந்த மாதிரி வியாழக்கிழமை மயக்க மருந்தைக் கூட்டிடுவோம்"னு டாக்டர் தட்ட ஆரம்பிச்சா.

நாலு எழுத்துகூட அடிச்சிருக்கமாட்டா. "எழுதாதீங்க!"ன்னு அம்மா கத்தினாங்க. வெளிய வரிசையில இருந்தவங்க கண்ணாடி வழியா எட்டிப்பாத்தாங்க. "எழுதாதீங்கம்மா. மூச்சு நின்னுடும்னு இவ அன்னைக்கு வந்து சொன்னா. அவரு ஒரு மாத்திரைகூடத் தொட்டதில்ல. எல்லாம் நான்தான்."

நாய்க்காரனைப் பிடிச்சேன், பச்சை மைக்காரனைப் பிடிச்சேன். பெத்த அம்மா என் கண்ணெதிர்ல நின்னு மாசா மாசம் வாங்கிட்டுப் போயிருக்காங்க, அவங்க முகத்தை நான் ஒரு நாள்கூடப் பாக்கல. அம்மா வந்தா சீட்டைத்தான் பாப்பேன். அவங்க எதையும் தனக்குன்னு வாங்குவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.

"முதல்ல அவருக்குத்தான் எழுதினாங்க"ன்னு அம்மா சொன்னாங்க. "ரெண்டு நாள் போட்டுட்டு வேணாம்னுட்டாரு. இருபத்தெட்டு மாத்திரை வீணாப் போகுதேன்னு நான் போட்டேன். அவரு முனகினா எனக்குத் தூக்கம் போயிடும், விடிஞ்சா ஏழு பேருக்குச் சமைக்கணும். ஒண்ணு போட்டா நல்லாத் தூக்கம் வந்துச்சு. அப்புறம் ஒண்ணு பத்தல. இவ கடையிலயே வாங்கினா கேப்பாளேன்னு வேற கடைக்கும் போனேன். நிறுத்திப் பாத்தேன், கையெல்லாம் நடுங்குது."

"எனக்குத் தெரியும்"னாரு அப்பா, இன்னும் தரையைப் பாத்துக்கிட்டு. "அவளாவது தூங்கட்டும்னு இருந்துட்டேன்."

டாக்டர் என் லிஸ்ட்டுல இருபத்தொரு வரியையும் அடிச்சுட்டு அப்பா பக்கம் திரும்பினா. "வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க. வெறும் வயித்தோட." அப்பா தலையாட்டினாரு, சந்தோஷப்படக்கூட அவருக்குத் தோணல. "அம்மா, நீங்க இதை ஒரே நாள்ல நிறுத்தக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாம், நாலஞ்சு மாசம் ஆகும். ஒரே டாக்டர், ஒரே கடை. உங்க பேர்லதான் வாங்கணும். உங்க கார்டைக் குடுங்க."

அம்மா என்னைப் பாத்தாங்க, நான் அப்பாவைப் பாத்தேன். அம்மாவுக்குக் கார்டே கிடையாது.

"பரவால்ல, இப்பவே போட்டுடலாம்"னு டாக்டர் புதுப் பக்கம் ஒண்ணைத் திறந்தா. பேர் கேட்டா, வயசு கேட்டா. "உடம்புக்கு வேற என்ன பண்ணுது?"ன்னு கேட்டா.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கா"ன்னு அப்பா ஆரம்பிச்சாரு.

"ஐயா, அவங்களைக் கேட்டேன்."

அம்மா ஆரம்பிச்சாங்க பாருங்க! தலைசுத்தல், வலது தோள்பட்டை, சாப்பிட்டா நெஞ்செரிச்சல், குனிஞ்சு எந்திரிச்சாக் கண்ணு இருட்டுறது, என் தம்பி பொறந்ததுலேருந்து இருக்குற இடுப்பு வலி. டாக்டர் குறுக்கப் பேசாம தட்டிக்கிட்டே இருந்தா. அந்தக் கட்டத்துல இத்தனை எழுத்துதான்னு ஒரு கணக்கு இருக்கும்போல, நாத்தனார் ரெண்டு தடவை டொய்ங்குன்னு மணியடிச்சுது. வெளிய வரிசையில முணுமுணுப்பு ஆரம்பிச்சு, சத்தமா மாறி, ஒருத்தர் கதவையே தட்டிட்டாரு. நான் எட்டிப்பாத்து ஒரு முறை முறைச்சேன், அடங்கிட்டாங்க.

நாப்பது நிமிஷம் ஆச்சு. "அவ்வளவுதானாம்மா?"ன்னு டாக்டர் கேட்டா.

"இன்னும் முழங்காலுக்கே வரலையே."

"உங்களுக்கும் முழங்கால் வலியா? எந்தக் கால்?"

"ரெண்டும்."

"எவ்வளவு நாளா?"

அம்மா அப்பாவை ஒரு பார்வை பாத்துட்டு, "இவருக்கு வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே"ன்னாங்க.

அப்போதான் அந்த ரூமை நான் ஒழுங்காப் பாத்தேன். மொத்தம் மூணு நாற்காலி. ஒண்ணுல டாக்டர், ஒண்ணுல அப்பா, ஒண்ணுல நான். நாப்பது நிமிஷமும் அம்மா என் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே பேசியிருக்காங்க.

துள்ளி எந்திரிச்சேன். எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. "உக்காரும்மா! நின்னுட்டிருக்கேன்னு சொல்லக்கூடாதா?"ன்னு கத்தினேன். பக்கத்துல பாத்தா அப்பாவும் மேஜையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டிருந்தாரு. ஒரே ஆளுக்கு இப்ப ரெண்டு நாற்காலி காலியா இருந்துச்சு.

"நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க, விழுந்து வைக்கப்போறீங்க"ன்னு அம்மா அவரைத் தோளைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. அப்புறம் என் நாற்காலியில உக்காந்து, புடவையைச் சரி பண்ணிக்கிட்டு, டாக்டர் பக்கம் திரும்பினாங்க.

"இடது கால்லேருந்து சொல்லட்டுமா?"